வாசலுக்கு மேலே 1985

பாரிஸ் நகரத்துக்குள் மாட்டுக்கொட்டிலில் குடியிருந்தேன் என்று சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அம்மா எதையும் கூட்டித்தான் சொல்லுவா என்று தங்களுக்குள் பிரெஞ்சில் முடிவு கட்டிவிடுவார்கள். கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்கு உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. எண்பத்து மூன்றாம் ஆண்டின் கடைசியில் நானும் என் கணவரும் என் அண்ணையும் வந்து இறங்கி, லா சப்பலில் குடியேறிய அந்த முதல் வீட்டில், எனக்குச் சமையலறையாகக் கிடைத்த இடத்தில் எனக்கு முன் இருந்தவை பசுக்கள்.

ரூ பஜோலுக்குப் பக்கத்துத் தெருவில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று. அதன் பெரிய மரக்கதவைத் தள்ளிக்கொண்டு போனால் குப்பைத் தொட்டிகள் வைக்கும் முற்றம் வரும். அதையும் தாண்டினால் கல் பதித்த இன்னொரு முற்றம். அதன் முடிவில்தான் அந்த வீடு நின்றது. தெருவில் போகிற எவருக்கும் அப்படி ஒன்று உள்ளே இருப்பது தெரியாது. மூன்று பக்கமும் பக்கத்துக் கட்டடங்களின் உயர்ந்த சுவர்கள் நெருக்க, ஓட்டுக்கூரை நடுவில் தொய்ந்து, முகப்பு மட்டும் முற்றத்தைப் பார்த்தபடி இருந்தது. முதல் நாள் அதன் முன்னால் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அண்ணை கேட்டார்.

“உதென்ன, விலா எலும்பு தெரியிற வீடு?”

அவர் கேட்டதில் பிழையில்லை. அந்த வீட்டின் மரங்கள் எல்லாம் வெளியே தெரிந்தன. அடியில் முழங்கால் உயரத்துக்கு முண்டுக்கல் சுவர். அதன் மேல், வீட்டின் முழு நீளத்துக்கும் படுக்கையாக ஒரே ஒரு பெரிய ஓக் உத்திரம். அந்த உத்திரத்தின் மேல் வரிசையாக மரத்தூண்கள், தூண்களுக்கு இடையில் சாய்வாகக் கொடுத்த மரங்கள். மிஞ்சிய இடைவெளியில் கற்களையும் வெள்ளைச் சாந்தையும் போட்டு அடைத்திருந்தார்கள். முறிந்த கைக்குக் கட்டுப் போடும் பிளாஸ்டர் ஒவ் பாரிஸ் இருக்கிறதே, அதே மாவைக் குழைத்த சாந்துதான். இந்தச் சுற்றுவட்டாரத்துக் குன்றுகளைத் தோண்டித்தான் அந்தக் காலத்தில் அதை எடுத்தார்களாம். ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. மரத்தை மரத்தில் செருகி, மரமுளை அறைந்து இறுக்கியிருந்தார்கள். வளைந்த மரத்தைச் சீவி நிமிர்த்தாமல் அதன் வளைவுக்கு ஏற்றபடியே வைத்திருந்ததால், வீட்டில் நேர்கோடு என்று ஒன்றைக் காண முடியாது. எனக்கு அது முதலில் அரைகுறை வேலையாகப் பட்டது.

வீட்டுக்காரி எழுபதைத் தாண்டிய ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. நாங்கள் மதாம் என்று அழைத்தோம். மேல்மாடியில் தனியாக இருந்தார். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அவருடைய அக்காவின் மகள் ஆர்ஜொந்தெய் என்ற புறநகரில் இருந்தாள். அவள் தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு இவரை வா வா என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். மதாம் அசையவில்லை. எங்களை அங்கே கூட்டிக்கொண்டுபோன புதுச்சேரிக்காரர் மொழிபெயர்த்துச் சொன்ன முதல் வாக்கியமே அதுதான்: “இந்த வீட்டுல பொறந்தேன், இந்த வீட்டுலதான் சாவேன்னு சொல்றாங்க. அது முடியிற வரைக்கும் நீங்க கீழ இருக்கலாமாம்.”

பிறகு மதாம் என்னைப் பார்த்து, ஊரில் மாடு வைத்திருந்தீர்களா என்று கேட்டார். ஒரு பசு இருந்தது என்றேன். அந்த முகம் மலர்ந்த விதத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் விசாத் தாள்களைப் பார்த்து வீடு தந்தவர்கள் பிறகு பலர் உண்டு. பசுவைக் கேட்டு வீடு தந்தவர் அவர் ஒருவர்தான்.

கீழே எங்களுக்குக் கிடைத்த பகுதியில் சுவரோரம் இரும்பு வளையங்கள் இருந்தன. மாடு கட்டிய வளையங்கள். நான் அவற்றில் உடுப்புக் காயப்போடக் கயிறு கட்டினேன். தரை கல் பதித்தது, ஒரு பக்கமாக மெல்லச் சரிந்து போகும். சரிவின் முடிவில் கல்லில் வெட்டிய ஒரு சின்ன வாய்க்கால், சுவருக்கடியால் முற்றத்துக்குப் போனது. மாட்டு மூத்திரம் ஓடுவதற்குச் செய்தது. எனக்கோ அது வெள்ளிக்கிழமைக்கென்றே செய்து தந்ததுபோல இருந்தது. வெள்ளிக்கிழமை வீடு கழுவாமல் அடுப்பு மூட்டினால் எனக்குக் கையே ஓடாது. இந்த ஊர்க்காரர் ஈரத்துணியால் நிலத்தைத் தடவிவிட்டு அதைக் கழுவியது என்பார்கள். நான் வாளி வாளியாக ஊற்றி, விளக்குமாற்றால் தள்ளுவேன். தண்ணீர் சரிந்து ஓடி வாய்க்காலில் விழுந்து போய்விடும். மதாம் மாடிப்படியில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். தன் தாயும் இப்படித்தான் கழுவினார் என்று ஒருநாள் சொன்னார். மாட்டுக்காகக் கழுவினார் என்பது மட்டும்தான் வித்தியாசமாம்.

அந்தப் படியில் இருந்துகொண்டுதான் வீட்டின் கதையையும் சொன்னார். என் பிரெஞ்சு வளர வளரக் கதையும் வளர்ந்தது. வீட்டுக்கு முந்நூறு வயது இருக்கும் என்று அவருடைய தகப்பன் சொல்வாராம். அப்போது லா சப்பல் பாரிசுக்கு வெளியே கிடந்த ஒரு கிராமம். வீட்டைச் சுற்றி வயல். பிறகு ரயில் பாதை வந்தது, ஒரு பக்கத்து நிலம் அதோடு போனது. இன்னொரு பாதை வந்தது, மறுபக்கம் போனது. நகரம் வளர்ந்து வந்து கிராமத்தை விழுங்கியபோது தெருவோரத்து நிலமும் விலைப்பட்டு, அங்கே ஆறு மாடி எழும்பி வீட்டின் முகத்தை மறைத்தது. வயல் இல்லாமல் போன பின்பும் மாடுகளை விடவில்லை. கொட்டிலிலேயே கட்டிவைத்து, வைக்கோலை வெளியிலிருந்து வரவழைத்துப் பரணில் ஏற்றி, பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் பால் கொடுத்திருக்கிறார்கள். மதாம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடைசிப் பசுவும் போயிற்று. அந்த வைக்கோல் பரணில்தான் அண்ணை பாய் விரித்துப் படுத்தார்.

ஒருநாள் மதாம் என் விரலைப் பிடித்து வாசல் தூணில் ஓரிடத்தில் வைத்தார். மூன்று கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டிய ஒரு கீறல். அதற்கு மேலே சாய்வு மரத்திலும் அதே அடையாளம். தச்சர்கள் முழுச் சட்டத்தையும் தரையில் படுக்க வைத்துப் பொருத்திப் பார்த்து, எந்த மரம் எதனோடு சேரும் என்று இப்படிக் குறி வெட்டி, கழற்றிக் கொண்டுவந்து பிறகு நிமிர்த்தினார்களாம். அரைகுறை வேலை என்று நான் நினைத்தது அன்றோடு போயிற்று. அடுப்பில் சோறு கொதிக்கும்போது சும்மா நின்று அந்தக் கோடுகளைத் தடவுவேன்.

அண்ணைக்கு மட்டும் அந்த மரங்கள் கண்ணில் பட்ட முள்ளாகவே இருந்தன. அதற்குக் காரணம் இருந்தது. ஊரில் எனக்குச் சீதனமாக அவர் ஒரு கல்வீடு கட்டினார். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுப்பதென்றால் வீட்டோடு கொடுக்கவேண்டும். அதுவும் கல்வீடாக இருக்கவேண்டும். மண்ணும் மரமும் தெரிகிற வீடென்றால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் முற்றத்தோடு திரும்பிவிடுவார்கள். அவர் தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு அதைக் கட்டினார். சுவர் எழும்பி, ஓடும் போட்டாயிற்று, என் கலியாணமும் நடந்தது. வெளிப்பூச்சு மட்டும் மிச்சம். அதற்குள் சண்டை மூண்டு எல்லோரும் ஓடவேண்டி வந்தது. நாங்கள் பாரிசுக்கு வந்த அடுத்த வருடம், ஊரிலிருந்து வந்த ஒருவர் எங்கள் வீட்டில் இப்போது அத்திவாரம் மட்டும்தான் கிடக்கிறது என்று சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணை கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் பரணுக்கு ஏறிப் போய்விட்டார். அந்த நேரம் அவர் பாரிசில் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பூச்சு வேலை நன்றாகப் பழகியிருந்தார்.

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் மதாம் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே அக்கா மகளின் பொறுப்பில், நாட்டுப்புறத்தில் உடம்பு தேற்றும் ஓரிடத்துக்குப் போனார். வசந்தம் முடியும்போதுதான் திரும்புவார் என்றார்கள். போகும்போது வாகனத்தில் படுத்தபடி, தான் எப்படியும் திரும்பி வருவேன், வீட்டைப் பார்த்துக்கொள் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

வீட்டைப் பார்த்துக்கொள் என்றதை அண்ணை தன் பாணியில் எடுத்துக்கொண்டார்.

“மனுசி வரேக்கை இது கல்வீடா இருக்கவேணும்,” என்றார். “எங்களை வைச்சிருக்கிற மனுசிக்கு நாங்கள் வேறை என்னத்தைச் செய்யிறது?”

என் கணவர் தயங்கினார். “மச்சான், அவவைக் கேளாமல் செய்தால் ஏசமாட்டாவோ?”

“ஏன் ஏசப்போறா? இலவசமாக் கல்வீடு கிடைச்சால் ஆராவது ஏசுவினமோ?”

நானும் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டினேன் என்றால் போதாது, ஆசைப்பட்டேன். எனக்குப் பூசாமல் போன வீட்டின் பூச்சை என் அண்ணையின் கையால் பார்க்க ஆசைப்பட்டேன்.

பனி விட்டதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை தொடங்கியது. வேலைத்தலத்தில் மிஞ்சிய சீமெந்தை முதலாளியிடம் கேட்டு வாங்கினார்கள். மரத்தில் சீமெந்து பிடிக்காது என்று கோழிக்கூட்டுக் கம்பிவலையை முகப்பு முழுவதும் அறைந்தார்கள். அந்த ஓக் மரத்தில் ஆணி இறங்க மறுத்தது. ஆணிகள் வளைந்து வளைந்து விழுந்தன. “உது மரமோ இரும்போ?” என்று அண்ணை பல்லைக் கடித்தார். வலைமேல் இரண்டு தரம் சீமெந்து பூசி, ஈரம் காயுமுன் கோடு கீறி, பெரிய பெரிய கற்களால் கட்டியதுபோல ஆக்கினார். அடிக்கல் சுவரும் உத்திரமும் தூண்களும், தச்சர்களின் கோடுகளும், எல்லாம் உள்ளே போயின. என் சமையலறைத் தரையையும் மட்டமாக்கிச் சீமெந்து போட்டுத் தந்தார். வாய்க்கால் மூடுபட்டது. “இனி வழுக்காமல் நடக்கலாம் பிள்ளை,” என்றார். கடைசியாக, ஊரில் கல்வீட்டு முகப்பில் வைப்பதுபோல, வாசலுக்கு மேலே சீமெந்தில் ஒரு சட்டம் பிடித்து, அதற்குள் புடைத்த இலக்கங்களில் ஆண்டை வைத்தார். 1985. முந்நூறு வயது வீட்டின் நெற்றியில் அதை வைத்தபோது எங்களில் ஒருவருக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு பெருமை எங்களுக்கு.

மதாம் திரும்பி வந்த நாளில் வாசலில் பால் காய்ச்சினேன். புது வீடு புகுகிற மாதிரித்தான். புதுச்சட்டி வாங்கி, கிழக்கு எது என்று விசாரித்து, அந்தப் பக்கமாகப் பொங்கவிட்டேன். அண்ணை வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். மதாம் இரண்டு தடிகளை ஊன்றி முற்றத்துக்குள் வந்தார். வந்தவர் நின்றுவிட்டார். வெகுநேரம் முகப்பைப் பார்த்தார். பிறகு வாசலுக்கு மேலே பார்த்தார்.

“அப்படியென்றால் வீடு இப்போது என்னைவிட இளமை,” என்றார்.

அண்ணைக்குப் பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதிக்கே அவர் முகமெல்லாம் பல்லாக நின்றார். மதாம் கிட்டே வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்து, மெர்சி என்றார். நான் கொடுத்த பாலை அங்கேயே நின்று குடித்தார். கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில் என்று நாங்கள் நினைத்தோம்.

நான் வெள்ளிக்கிழமைக் கழுவலை விடவில்லை. வாய்க்கால் இல்லாததால் தண்ணீர் இப்போது சுவரோரம் போய்த் தங்கியது. துணியால் ஒற்றி எடுப்பேன். ஒற்றி எடுத்தது போக மிச்சம் எங்கே போகிறது என்று நினைத்துப் பார்க்கிற புத்தி எனக்கு இருக்கவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில் சமையலறையில் ஒரு மணம் வந்தது, ஈரச்சாக்கை மூடி வைத்த மணம். பிறகு வாசற்கதவு நிலையில் இறுகியது. என் கணவர் கதவைச் சீவினார். மறுபடியும் இறுகியது. மேலே மதாமின் அலுமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்ளத் தொடங்கியது. மேசையில் வைத்த தோடம்பழம் உருண்டு முகப்புச் சுவர் பக்கமாக ஓடியது. “வீடும் என்னைப்போல் நொண்டுகிறது,” என்று சொல்லி மதாம் சிரித்தார். வெளியே மட்டும் ஒரு வெடிப்புமில்லை. அண்ணையின் பூச்சு அசையாமல் நின்றது.

கடைசியில் பக்கத்துக் கட்டடத்தின் சுவரில் கீறல் விழுந்தது. அதைப் பார்க்க மேரி என்கிற நகரசபையிலிருந்து வந்த கட்டடப் பரிசோதகர் எங்கள் பக்கமும் வந்தார். அண்ணையும் என் கணவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மதாமும் நானும்தான் நின்றோம். பரிசோதகர் முகப்பைச் சுத்தியலால் தட்டினார். கல்லுக்கு மேலே, உத்திரம் இருக்கவேண்டிய இடத்தில் சீமெந்தை ஒரு கையளவு உடைத்தார். உள்ளே கறுப்பாக ஈரம். திருப்புளியை வைத்து அழுத்தினார். அவித்த மரவள்ளிக்கிழங்கில் போவதுபோல அது பிடிவரைக்கும் போயிற்று. அண்ணையின் ஆணிகளை வளைத்த மரம் அது.

“இந்தச் சீமெந்தை யார் பூசியது?” என்று அந்த மனிதர் கேட்டார்.

“நான்தான் பூசச் சொன்னேன்,” என்றார் மதாம்.

நான் வாயைத் திறக்குமுன் தடியால் என் காலை மெல்லத் தட்டினார். பேசாதே என்று அர்த்தம். சீமெந்து ஈரத்தை உள்ளே அடைத்ததால்தான் உத்திரம் உக்கியது என்றார் அந்த மனிதர்.

வீட்டில் ஆள் இருக்கக்கூடாது என்று முடிவாயிற்று. பின்னேரம் அண்ணை வேலையால் வந்ததும் மதாம் அவரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு சொல்லாக, அவருக்கு விளங்கும்படி சொன்னார். வீட்டுக்கு வயது போய்விட்டது. அண்ணையின் சீமெந்து இல்லாவிட்டால் எப்போதோ விழுந்திருக்கும் என்று அந்த மனிதர் சொன்னாராம். அண்ணை தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். உடைத்த ஓட்டையைப் பார்த்தார். வயது போன மரம் உக்கத்தானே செய்யும் என்றார்.

மதாம் ஆர்ஜொந்தெய்க்குப் போனார். அந்த வீட்டிலேயே சாவேன் என்றிருந்த மனுசி, அக்கா மகளின் காரில், மடியில் ஒரு பையோடு ஏறிப் போனார். நான் அழுதேன். அவர் அழவில்லை. வாசல் தூணின் பக்கம் ஒரு தரம் கையை நீட்டினார். கோடுகள் சீமெந்துக்குள் இருப்பது நினைவு வந்ததோ என்னவோ, கையை எடுத்துக்கொண்டார்.

சென்-லஸாரிலிருந்து ரயில் பிடித்து அவரைப் பார்க்கப் போவேன். முதியோர் இல்லம் சுத்தமாக, வெளிச்சமாக, எல்லாக் கோடுகளும் நேராக இருந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். சீமெந்தால்தான் மரம் உக்கியது என்பது அவருக்கு எப்போது தெரியும்?

“முற்றத்துக்குள் வந்த நிமிடமே,” என்றார். முன்னொரு காலத்தில் அவருடைய தகப்பன் பக்கத்துக் கொட்டிலுக்கு இப்படித்தான் சீமெந்து பூசினாராம். மரம் மூச்சு விட வழியில்லாமல் உள்ளுக்குள்ளே உக்கி, கொட்டில் விழுந்துவிட்டதாம்.

“அப்படியென்றால் அன்றைக்கே உடைக்கச் சொல்லியிருக்கலாமே!” எனக்குக் கோபமே வந்துவிட்டது. அவர்மேல் கோபப்பட எனக்கு உரிமையில்லை என்று இன்று தெரிகிறது. அன்று வந்தது.

“உன் அண்ணன் மாப்பிள்ளை மாதிரி வாசலில் நின்றான்,” என்றார். “நீ பால் காய்ச்சிக்கொண்டிருந்தாய். என் அம்மாவுக்குப் பிறகு அந்த வாசலில் பால் நுரைத்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு வீடு ஏற்கெனவே போய்விட்டவர்களிடம் இதையும் உடையுங்கள் என்று எப்படிச் சொல்வது? மரம் என்னைவிடக் கூடுதலாகத் தாங்கும் என்று நினைத்தேன். நான் செத்தபின் விழுந்தால் யாருக்கு என்ன?” பிறகு, “அவனிடம் சொல்லாதே,” என்றார்.

அதற்குப் பிறகு அவர் நீண்ட காலம் இருக்கவில்லை. அந்தச் சுத்தமான அறையில்தான் கண்ணை மூடினார். நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும்.

வீட்டை இடித்தபோது அண்ணை வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய் நின்றார். மரங்கள் பொடியாகவும் சிராயாகவும் வந்தனவாம். குறி வெட்டிய தூண் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. வாசலுக்கு மேலே இருந்த சீமெந்துச் சட்டம் மட்டும் உடையாமல் முழுசாக வந்தது. இடிக்கிறவர்களிடம் கேட்டு வாங்கித் தோளில் சுமந்து கொண்டுவந்தார். இப்போது லெ பிளாங்-மெனிலில், அவருடைய வீட்டுத் தோட்டச் சுவரில் பதித்து வைத்திருக்கிறார். வருகிறவர்கள் இந்த வீடு எண்பத்தைந்தில் கட்டியதா என்று கேட்பார்கள். உடனே அவர் லா சப்பல் வீட்டின் கதையைத் தொடங்குவார். நான் தேநீர் போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விடுவேன்.

போன ஞாயிறும் போயிருந்தேன். அண்ணைக்குக் கண் மங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். சுவரைத் தடவி, சட்டத்தைக் கண்டுபிடித்து, இலக்கங்களின்மேல் விரலை ஓட்டினார்.

“முந்நூறு வருசத்து வீட்டிலை மிஞ்சினது இது ஒண்டுதான் பிள்ளை. நாங்கள் பூசாமல் விட்டிருந்தால் அந்த மனுசி இன்னும் முந்தியே வீட்டை விட்டு வெளிக்கிட்டிருக்கும். என்ன?”

“ஓம் அண்ணை,” என்றேன்.